பூட்டிய பேரேடும் மானாவாரிப் பட்டதாரியும்

பட்டம் வாங்கியவர் அதன்பின் என்ன ஆனார்? நம் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் இந்தக் கேள்விக்கான முழு விடை எந்த அலுவலகத்திலும் இல்லை. கல்லூரியின் பதிவேட்டில் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. வருமான வரித் துறையின் பேரேட்டில் பெயரும் சம்பளமும் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் படித்தால் விடை கிடைத்துவிடும் அல்லவா? பிரிட்டன் அப்படித்தான் செய்தது. அமெரிக்கா சற்றே சுற்றிவளைத்துச் செய்தது. இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருப்பதை நாம் கவனித்தாக வேண்டும்.

இந்த யோசனையை ஒரு குறிப்பிட்ட ஊரில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைகளைப் படித்தவர்களுக்கு மல்லாங்கிணறு என்ற பெயர் புதிதன்று. விருதுநகர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி என்ற மூன்று ஊர்களுக்கு இடையே கிடக்கும் மானாவாரி நிலத்துப் பேரூராட்சி அது. அதே ஊரைச் சேர்ந்த தங்கம் தென்னரசு 2006 முதல் 2011 வரை மாநிலத்தின் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தார். 2023 மே மாதத்தில் நிதியமைச்சரானார். கல்விக் கணக்கும் பணக் கணக்கும் வெவ்வேறு காலங்களில் ஒரே சிற்றூர்க்காரரின் பொறுப்பில் இருந்தன என்பது ஒரு தற்செயல்தான். ஆனாலும் நம் விஷயத்திற்குப் பொருத்தமான தற்செயல். ஏனெனில் நாம் கேட்க விரும்புவது இதுதான்: அந்த இரண்டு கணக்குகளையும் இணைத்தால், மல்லாங்கிணற்றுப் பட்டதாரி அதில் தென்படுவாரா?

*

முதலில் பேரேடு ஏன் பூட்டப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

நம் கிராமங்களில் வரிக்கணக்கு என்பது வெகுகாலம் ஊரறிந்த கணக்காகவே இருந்தது. எந்தப் புலம் எவருடையது, அது நஞ்சையா புஞ்சையா, அதில் இந்தப் பசலியில் விதைத்தது கம்பா பருத்தியா, தீர்வை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் சிட்டாவிலும் அடங்கலிலும் இருந்தன. எழுதியவர் கணக்குப்பிள்ளை. ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தியில் மேலதிகாரியின் முன்னிலையில் அவை சரிபார்க்கப்பட்டன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தபோது கணக்குப்பிள்ளை மறைந்தார்; கணக்கு மறையவில்லை. புல எண் தெரிந்தால் சிட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம் என்ற நிலை பின்னர் வந்தது. நிலத்தை மறைக்க முடியாது. அது எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது. ஆகவே நிலவரிக்கு இரகசியம் தேவைப்படவில்லை.

இக்கணக்கு உலகத்தின் ஒரு சிறிய சித்திரம் திருச்சுழியிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர், கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகத் தொடங்கியவர் என்று மகரிஷியின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பிறகு மனு எழுதப் பழகினார். பின்னர் சன்னது இல்லாமலே வழக்காடும் அளவுக்கு உயர்ந்தார். பட்டம் ஏதுமின்றிக் கணக்கெழுத்தின் வழியாக மட்டுமே ஒருவர் மேலே வரக்கூடிய காலம் அது.

வருமானம் நிலத்தைப் போன்றதன்று. அது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு உரியவர் சொன்னால்தான் வெளியே தெரியும். எனவே வருமானத்தின்மீது வரி விதித்த அரசுகள், மக்களைச் சொல்ல வைப்பதற்காக ஒரு வாக்குறுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1799இல் வருமான வரி வந்தபோது, இது வீட்டுக்குள் புகுந்து துருவும் வரி என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1803இல் ஆடிங்டன் அதைத் திருத்தினார். வருமானத்தை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தார். நிலத்திலிருந்து வருவது ஓர் அட்டவணை, தொழிலிலிருந்து வருவது இன்னொன்று, உத்தியோகத்திலிருந்து வருவது மற்றொன்று. ஒருவருடைய மொத்த வருமானமும் ஒரே அதிகாரியின் பார்வைக்கு வராதபடி செய்த ஏற்பாடு அது. போர் முடிந்து 1816இல் அவ்வரி நீக்கப்பட்டபோது, வரி ஆவணங்கள் அனைத்தையும் அழித்துவிட வேண்டுமென்று பாராளுமன்றம் ஆணையிட்டது. வேறொரு அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டிருந்த நகல்கள் அழியாமல் தங்கிவிட்டன என்பது பிற்கால வரலாற்றாசிரியர்களின் நற்பேறு. ஓர் அலுவலகத்தில் அழிக்கச் சொன்னது இன்னோர் அலுவலகத்தில் உயிரோடு இருந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

*

இந்தியாவுக்கு இந்த வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1857க்குப் பின் காலியாகிவிட்ட கஜானாவை நிரப்ப அனுப்பப்பட்டவர். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் தம் திட்டத்தை அறிவித்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 4 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலை 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதை வெளிப்படையாக எதிர்த்த முக்கியமான குரல் சென்னையிலிருந்து எழுந்தது. எழுப்பியவர் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன். புதிய வரிகள் வேண்டாம், செலவைக் குறைத்தால் போதும் என்பது அவர் வாதம். வாதத்தோடு நின்றிருந்தால் பதவி தப்பியிருக்கும். தம் எதிர்ப்புக் குறிப்பை அவர் பத்திரிகைகளில் வெளியிடச் செய்தார். அரசாங்கத்துக்குள் இருக்க வேண்டிய ஆவணத்தைப் பகிரங்கப்படுத்தினார் என்பதற்காக அந்த ஆண்டிலேயே திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனோ அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். சில ஆண்டுகளில் டிரெவெலியன் நடுவண் அரசின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார்; அவர் காலத்திலேயே, 1865இல், அந்த வருமான வரி காலாவதியாயிற்று. நம் வருமான வரியின் முதல் அத்தியாயத்திலேயே, எந்தத் தாள் யார் கண்ணில் படலாம் என்ற தகராறு ஓர் ஆளுநரின் பதவியைப் பறித்திருக்கிறது.

வரி நிலையாக ஊன்றியது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதில் வேளாண் வருமானத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது. நிலவரி கட்டுபவன் இன்னொரு வரியும் கட்ட வேண்டாம் என்பது அதன் நியாயம். இவ்விலக்கு 1922ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. இதன் விளைவு வரியோடு நிற்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய பிழைப்பு, வருமானப் பேரேட்டின் பார்வைக்கு வெளியே வைக்கப்பட்டுவிட்டது. மானாவாரி ஊர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விதியின் நிழல் எல்லாவற்றின் மீதும் விழுகிறது.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு பேரேட்டுக்கு உறுதியான பூட்டைப் போட்டது. வரி செலுத்துபவர் தந்த அறிக்கை, கணக்கு, வாக்குமூலம் ஆகிய அனைத்தும் இரகசியம். நீதிமன்றம்கூட அவற்றைக் கொண்டுவரும்படி அரசு ஊழியரைக் கேட்க முடியாது. வெளியிடும் ஊழியருக்கு ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. விலக்குகளும் இருந்தன. ஆனால் அவை எண்ணி எழுதப்பட்ட விலக்குகள்.

1961ஆம் ஆண்டுச் சட்டம் இதே பூட்டை 137ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில் அது கழற்றப்பட்டது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1964இல் வந்த நிதிச் சட்டம் 137ஆம் பிரிவை நீக்கியது. 138ஆம் பிரிவை மாற்றி எழுதியது. 1967இல் அது மேலும் திருத்தப்பட்டது. மாற்றத்தின் சாரம் இது: முன்பு எல்லாம் இரகசியம், சில விலக்கு. பின்பு, பிற வரித்துறைகளுக்கும், பொதுநலன் கருதி நடுவண் அரசு அறிவிக்கை செய்யும் வேறு எந்தச் சட்டப்படியான அமைப்புக்கும், அதன் பணிக்குத் தேவையான தகவலைத் தரலாம். கதவு திறக்கப்படவில்லை. ஆனால் சாவி சட்டமன்றத்திடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. ஒவ்வொரு புதிய நோக்கத்திற்கும் பாராளுமன்றத்தில் விவாதம் தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும்.

பின்னாளில் அச்சாவி பல முறை திருப்பப்பட்டது. 2020இல் சிறு, குறு தொழில் அமைச்சகத்துக்கும் புலனாய்வு அமைப்புகளுக்கும் தகவல் தர ஏற்பாடாயிற்று. 2025இல், இலவச உணவு தானியத் திட்டத்தில் தகுதியற்றோரைக் கண்டறிவதற்காக உணவுத் துறைக்குத் தர ஏற்பாடாயிற்று. மறுபுறம், குடிமக்கள் கேட்டபோது கதவு சாத்தப்பட்டது. 2012இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஒருவரின் வருமான வரிக் கணக்கு அவருடைய சொந்தத் தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழியத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அயலார் கேட்டால் இரகசியம். அரசின் பக்கத்து அறை கேட்டால் அறிவிக்கை. இரண்டும் ஒரே பேரேட்டைப் பற்றியவை.

*

இனி மறுபக்கத்துக் கணக்குக்கு வருவோம். பட்டதாரிகளை எண்ணும் முயற்சியும் நம்மிடம் பழையதுதான்.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் அனைவருக்கும் திறக்கப்பட்டன. 1956 நவம்பரில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டுமென்ற சட்டம் 1959இல் வந்தது. பதிவு அட்டையும், மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தலும், பதிவு மூப்பும் தமிழ்க் குடும்பங்களின் சொற்களாயின. சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் இடம்பிடித்தன. ஆனால் அந்தப் பதிவேடு காத்திருப்பவர்களின் பட்டியல் மட்டுமே. தனியாரிடம் வேலை கிடைத்தவர் போய்ச் சொல்லிப் பெயரை நீக்கிக்கொள்வதில்லை. எத்தனை இலட்சம் பேர் பதிந்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லாது.

அடுத்து வந்தது கல்லூரிகளின் சுய அறிவிப்பு. 2016இல் தொடங்கிய தேசியத் தரவரிசை, பட்டம் பெற்றோரின் வேலைவாய்ப்பையும் அவர்களது இடைநிலைச் சம்பளத்தையும் மதிப்பெண்ணாக்கியது. அந்த எண்ணைத் தருவது கல்லூரியே. தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதைப் போன்ற முறை. விளைவை நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அரசுக்கு இக்கேள்வியில் உண்மையான அக்கறை இருக்க நியாயமும் உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உரிய வயதினரில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தமிழகத்தில் 47. இந்திய அளவில் 28.4. அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் பழைய கலைக் கல்லூரிகள் உண்டு. காரியாபட்டி அருகே புல்லூரில் 1995 முதல் பொறியியல் கல்லூரி உண்டு. 2021இல் அறிவிக்கப்பட்ட புதிய அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் பட்டியலில் திருச்சுழியும் இடம்பெற்றது. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்', அதே ஆண்டு செப்டம்பரில் 'புதுமைப் பெண்' என்று திட்டங்கள் வந்தன. இவ்வளவு பணம் செலவழித்த பின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்காத அரசுதான் குறைகூறத்தக்கது. விருதுநகர் மாவட்டத்துக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2018இல் நடுவண் அரசு பின்தங்கியவையாகக் கண்டு தேர்ந்த மாவட்டங்களில், தமிழகத்தில் இருந்தவை இராமநாதபுரமும் விருதுநகரும்.

கேள்வி சரியானது. விடையை எந்தப் பேரேட்டில் தேடுவது என்பதில்தான் சிக்கல்.

*

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் ஒரு சட்டம், வரித்துறையின் சம்பளத் தகவலைக் கல்வித் தகவலோடு இணைக்க வழி செய்தது. 2016 டிசம்பரிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் படித்தவர்கள் சில ஆண்டுகள் கழித்து எவ்வளவு ஈட்டுகிறார்கள் என்ற இடைநிலை எண்கள் வெளியாயின. தனியாள் பெயர் வெளியே வராது. சிறு எண்ணிக்கைகள் மறைக்கப்படும். கவனமான ஏற்பாடுதான். ஆனால் அதன் குறைகளை அதை வெளியிட்டவர்களே எழுதி வைத்தார்கள். தொடக்கத்தில் சுயதொழில் வருமானம் அதில் இல்லை. முழுநேரமா பகுதிநேரமா என்று தெரியாது. நாட்டைவிட்டுப் போனவர்கள், 'எந்தச் செயல்பாடும் பதிவாகாதோர்' என்ற வகையில் சேர்ந்துவிடுவார்கள்.

அந்த எண்கள் வந்தபின் நடந்தவை இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டியவை. 2020இல் நிதி ஆய்வுக் கழகம் அத்தரவைக் கொண்டு, ஐந்தில் ஒரு பட்டதாரி பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் பண அளவில் மேலாக இருந்திருப்பார் என்று கணித்தது. பண வரவில் கலைப் படிப்புகள் கடைசி வரிசையில் நின்றன. 'மதிப்புக் குறைந்த படிப்புகள்' என்ற பேச்சு அரசியலில் வலுத்தது. 2021இல் இங்கிலாந்தில், நிகழ்கலை முதலிய படிப்புகளுக்குத் தரப்பட்டுவந்த ஒரு மானியம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அந்த முடிவுக்குக் காரணம் ஓர் அட்டவணை மட்டுமே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் எண்ணாகக் கிடைத்ததும் அதுவே படிப்பின் மதிப்பாகிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு அது சான்று.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. மாணவர்களின் கல்விப் பதிவுகள் அடங்கிய, 2 கோடியே 80 இலட்சம் பேர் வரையிலான ஒரு தரவுத்தளம், சூதாட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர் வயதைச் சரிபார்க்கப் பயன்படுத்தப்பட்டது 2020இல் அம்பலமாயிற்று. தகவல் ஆணையர் 2022இல் கல்வித் துறையைக் கண்டித்தார். திறந்தது வரிப் பேரேடு அன்று, கல்விப் பேரேடு. இணைக்கப்பட்ட இரண்டு பேரேடுகளில் வலுக்குறைந்த பூட்டு எதுவோ, அதன் வலிமைதான் இரண்டுக்கும்.

அமெரிக்காவின் வழி வேறு. வாட்டர்கேட்டுக்குப் பின், 1976இல் வரித் தகவலுக்குக் கடுமையான இரகசியப் பாதுகாப்பு சட்டமாயிற்று. 2008இல், மாணவர்களைத் தனித்தனியாகப் பின்தொடரும் தேசியப் பதிவேட்டைச் சட்டம் தடை செய்தது. எனவே 2015இல் கல்லூரி மதிப்பெண் அட்டை வெளியானபோது, கூட்டாட்சி நிதியுதவி பெற்ற மாணவர்களின் பட்டியல் கருவூலத்துக்குப் போனது. கருவூலம் கூட்டுத்தொகைகளையும் இடைநிலை எண்களையும் மட்டும் திருப்பித் தந்தது. தனி மனிதரின் சம்பளம் வரித்துறையின் கட்டடத்தை விட்டு வெளியேறவில்லை. இவ்வேற்பாட்டில் ஆடிங்டனின் அட்டவணைகளின் சாயல் தெரிகிறது.

ஆனால் அதே அமெரிக்காவில் 2025 ஏப்ரலில், குடியேற்றத் துறைக்கு வரிக் கணக்கிலிருந்து முகவரிகளைத் தர ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வரித்துறையின் பொறுப்புத் தலைவர் பதவி விலகினார். ஆவணமற்ற தொழிலாளர்களை, 'வரி கட்டுங்கள், உங்கள் தகவல் வெளியே போகாது' என்று பல்லாண்டுகள் ஊக்குவித்த துறை அது. வாக்குறுதியை நம்பி உண்மையைச் சொன்னவர்களே அகப்பட்டார்கள்.

*

இப்போது மல்லாங்கிணற்றுக்குத் திரும்புவோம். ஒரு கணக்குக்காக, இவ்வட்டாரக் கல்லூரி ஒன்றில் தமிழிலோ வணிகவியலிலோ 60 பேர் பட்டம் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து அவர்களை வரிப் பேரேட்டில் தேடுகிறோம்.

அரசுப் பள்ளி ஆசிரியர், வங்கி எழுத்தர், சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் ஆகியோர் உடனே கிடைப்பார்கள். தனியார் பள்ளியில் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஆசிரியைக்கு ஆண்டுச் சம்பளம் 3 இலட்சம். 2025-26ஆம் ஆண்டுப் புதிய வரிமுறையில் 4 இலட்சம் வரை அடிப்படை விலக்கு. ஆகவே அவர் கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயம் இல்லை. சம்பளத்தை ரொக்கமாக வாங்கினால் சுவடே இல்லை. தந்தையின் புஞ்சையில் மிளகாயும் குதிரைவாலியும் போடுபவருக்கு 1886இலிருந்து தொடர்ந்துவரும் விலக்கு. ஆட்டுக் கிடை வைத்திருப்பவர், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்பவர், அருப்புக்கோட்டையில் இரண்டு விசைத்தறி ஓட்டுபவர் ஆகியோர் பேரேட்டில் ஏறுவது அபூர்வம். வளைகுடாவில் வேலை செய்பவரின் சம்பளம் இந்திய வரிக்கு உட்படாது. ஊரிலேயே நல்ல வீடு கட்டியவர் அவராக இருக்கலாம், பேரேட்டில் அவர் இல்லை. திருமணமாகி வீட்டில் இருக்கும் பெண்கள், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவர்கள், ஒருவரும் இல்லை.

60 பேரில் 12 பேர் கிடைத்தார்கள் என்று கொள்வோம். கிடைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்தக் கல்லூரி மிகச் சிறந்தது. கிடைக்காத 48 பேருக்கும் சுழியம் போட்டால் அது மூட வேண்டிய கல்லூரி. இரண்டும் பொய். இரண்டில் எதை நிதி ஒதுக்குபவர் எடுத்துக்கொள்வார் என்பதைப் பொறுத்து, ஒரு தமிழ்த்துறையின் ஆயுள் தீர்மானிக்கப்படும். பெருநகரத்துக் கல்லூரிக்கு இந்த ஆபத்து குறைவு. அதன் மாணவர்கள் பேரேட்டுக்குள் விழும் வேலைகளுக்கே போகிறார்கள். 2024 ஜூலை 31 வரை நாடு முழுவதும் தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7.28 கோடி. மக்கள்தொகையோ 140 கோடிக்கு மேல். அந்தச் சிறு வெளிச்ச வட்டத்துக்குள் நின்று நாட்டின் பட்டதாரிகளை எண்ணுவது எப்படி?

சிற்றூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிடைத்த 12 பேரில் பெண்கள் மூவர் என்றால், 'இடைநிலைச் சம்பளம்' என்று அச்சிடப்படும் எண் யாருடையது என்பதை ஊர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். சம்பளத் தொகை பெண் பார்க்கும் திண்ணையிலும் வட்டிக்கடையிலும் விலைபேசப்படும் வட்டாரம் இது. பெயரை எடுத்துவிட்டோம் என்ற ஆறுதல் பெருநகரத்துக்குப் பொருந்தும்.

அடுத்தது நோக்கம் வழிமாறுவது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல் ஈட்டி வருமான வரி செலுத்துவோர் உள்ள குடும்பங்கள் தகுதி பெறா என்று விதித்தது. நலத்திட்டங்களில் இவ்விதி புதிதும் அன்று, குற்றமும் அன்று. ஆனால் 'உங்கள் மகளின் படிப்பு பயன்பட்டதா என்று பார்க்கத்தான்' என்று இணைக்கப்பட்ட தகவல், அதே இணைப்பின் வழியாக, 'உங்கள் மகள் சம்பாதிக்கிறாள், ஆகவே உங்களுக்கு 1,000 ரூபாய் இல்லை' என்று தாயிடம் திரும்பி வருவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. 2017இல் பான் எண்ணோடு ஆதாரை இணைப்பது சட்டமாயிற்று; 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023க்குப் பின் மாணவர்களுக்கும் தனி அடையாள எண் வழங்கப்படலாயிற்று. கயிறுகள் கிடக்கின்றன, முடிச்சுப் போடுவது மட்டுமே பாக்கி. அந்த அச்சம் பரவினால் நடப்பது என்ன? பெண்ணின் சம்பளத்தை ரொக்கமாகவே வாங்கிக்கொள் என்று வீட்டில் சொல்வார்கள். பேரேடு இன்னும் குருடாகும்.

*

அப்படியானால் கேள்வியைக் கைவிட்டுவிடலாமா? அது சரியன்று. எண்ணப்படாத பிள்ளைகள் எளிதில் மறக்கப்படுவார்கள். வேலையின்மை பற்றிய எண்களை அரசுகள் விரும்பாதபோது என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2017-18ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆய்வறிக்கை வெளியிடப்படாமல் தாமதமானபோது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை வந்தது, வேலையின்மை 6.1 விழுக்காடு. ஆகவே எண் வேண்டும். எப்படி எடுப்பது என்பதே வினா.

நம் சட்டங்களிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவை எவரும் பார்வையிட முடியாது. அது நீதிமன்றத்தில் சான்றாகவும் செல்லாது. அரசே கேட்டாலும் தனியாள் விவரம் இல்லை என்ற அவ்வாக்குறுதியால்தான் கதவைத் தட்டும் ஆசிரியருக்கு மக்கள் விடை சொல்லிவந்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு அளிக்கும்போது, அத்தகவலைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்கலாகாது என்று நிபந்தனை வைக்கிறது. இந்த ஒற்றை நிபந்தனையே முழு விஷயத்தின் அச்சாணி என்று கருதுகிறோம்.

அதன்படி, வரிப் பேரேட்டைப் பயன்படுத்துவதானால், பட்டியல் உள்ளே போக வேண்டும், கூட்டெண் மட்டும் வெளியே வர வேண்டும். அதைத் துறை அறிவிக்கையால் செய்யாமல், நோக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் சட்டத்தால் செய்ய வேண்டும். பேரேட்டில் கிடைக்காதவர் எத்தனை பேர் என்ற எண்ணை, கிடைத்தவர்களின் சம்பளத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அந்தக் கிடைக்காதவர்களைத் தேடி, கல்லூரியோ மாவட்ட நிர்வாகமோ வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். மானாவாரி நிலத்தில் பின்னது இல்லாமல் முன்னது பயனற்றது.

இவ்வட்டாரத்தின் மாணவர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், தந்தை 1892இல் இறந்தபின் மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துவந்தார். 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, 2 ரூபாயை ஒரு சீட்டோடு விட்டுவிட்டு, திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். எந்த அட்டவணையிலும் அவர் படிப்பை இடையில் விட்டவர். ஈட்டிய வருமானம் சுழியம். கட்டணப் பணத்தையும் திருப்பிவிட்டவர். எல்லா மாணவர்களும் ரமணர் ஆவதில்லை. அது வாதமும் அன்று. சுழியம் என்று எழுதப்பட்ட கட்டத்துக்குள் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பது மட்டுமே நாம் சொல்ல விரும்புவது. அந்த 48 பேரின் கட்டங்களிலும் அப்படித்தான். அவற்றைப் படிக்க விரும்பும் அரசு, பேரேட்டின் பூட்டைத் திறப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.